சுங்கை சிப்புட்டிலிருந்து கே.எல். போய் நாடகமும் கச்சேரியும் பார்ப்பவர்கள் இருக்கிறீர்களா?

பால்மரம்

எல்லாருக்கும் வணக்கம். பேராக்கில் சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். வீட்டில் நான், அம்மா, அண்ணன் மகன். அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர். அவர் வேலை செய்த தோட்டம் இப்போது பாதி செம்பனை, பாதி தாமான் குடியிருப்பு.

எனக்கு நேரில் பார்க்கும் கலைமேல் ஆசை. மேடையில் நிற்கிறவர் மூச்சு வாங்குவது தெரிய வேண்டும், அவ்வளவுதான். இங்கே அது கோயில் திருவிழாவிலும் பள்ளி ஆண்டு விழாவிலும் கிடைப்பதோடு சரி. கே.எல். என்கிற கோலாலம்பூரில் ஏதாவது ஒரு நாடகமோ கச்சேரியோ நடந்துகொண்டே இருக்கிறது. முகநூலில் படம் வரும்போதுதான் எனக்குத் தெரிகிறது, அதாவது எல்லாம் முடிந்த பிறகு.

தமிழ்நாட்டு நட்சத்திரங்கள் விளையாட்டரங்கில் நடத்தும் நிகழ்ச்சிகளைப் பற்றிக் கேட்கவில்லை. அவற்றின் விளம்பரம் வீட்டு வாசல்வரை வந்துவிடுகிறது. சின்ன அரங்கு, நாடகம், கர்நாடக இசை, மேல்நாட்டு இசை, எதுவானாலும் சரி. எங்கே தொடங்கலாம்? என்ன உடுத்துவது? அம்மாவுக்கு முட்டிவலி, படி ஏறுவது சிரமம். ஆங்கிலம் எனக்குச் சுமார், அம்மாவுக்குச் சுத்தமாக வராது. அங்கே போனால் எங்களை மேலும் கீழும் பார்ப்பார்களா? இந்தக் கடைசிக் கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்லுங்கள்.

செந்தூல்வாசி

மழுப்பாமல் சொல்கிறேன், பார்க்க மாட்டார்கள். வண்டியை எங்கே நிறுத்துவது, கழிப்பறை எங்கே என்று அவரவர்க்கு அவரவர் கவலை.

முதல் தடவைக்கு செந்தூல் மேற்கில் இருக்கும் கோலாலம்பூர் நிகழ்கலை மையத்தைத்தான் சொல்வேன். எல்லாரும் கே.எல்.பேக் என்பார்கள். ஃபரிடா மெரிக்கானும் ஜோ ஹாஷமும் 1989இல் தொடங்கிய ஆக்டர்ஸ் ஸ்டுடியோ நாடகக் குழுவுக்கு டத்தாரான் மெர்டேக்கா சதுக்கத்தின் அடியில் ஓர் அரங்கு இருந்தது. 2003 வெள்ளத்தில் அது மூழ்கிப்போனது. அதற்குப் பிறகு 2005இல் திறந்ததுதான் இந்த மையம். பழைய ரயில்வே பட்டறை வளாகத்தில் நின்ற செங்கல் கட்டடத்தை இடிக்காமல், அதோடு கண்ணாடியும் இரும்பும் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். அந்தப் பட்டறையில் நம் ஆட்கள் எவ்வளவு பேர் உழைத்தார்கள் என்று செந்தூலில் பிறந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். என் அப்பா அங்கே ஃபிட்டர். அவர் தினமும் சைக்கிளில் நுழைந்த வளாகத்துக்குள் நான் டிக்கெட்டோடு நுழைகிறேன். இனி எவர் மேலும் கீழும் பார்த்தால் எனக்கென்ன?

உள்ளே பெந்தாஸ் 1 என்ற அரங்கில் சுமார் 500 பேர் உட்காரலாம். பெந்தாஸ் 2 சின்னது, 200 பேருக்கும் குறைவு. சின்னதிலேயே தொடங்குங்கள். நீங்கள் கேட்ட அந்த மூச்சு வாங்குவது அங்கேதான் தெரியும்.

வழி சுலபம். இடிஎஸ் விரைவு ரயில் சுங்கை சிப்புட்டிலேயே நிற்கிறது. கே.எல். சென்ட்ரலில் இறங்கி, அங்கேயே பத்துமலைக்குப் போகும் கொமுட்டர் ரயில் பிடித்தால் செந்தூல். நிலையத்திலிருந்து அம்மாவுக்காக ஒரு கிராப் வாடகைக் கார் எடுத்துவிடுங்கள். வார இறுதியில் மதியக் காட்சியாகத் தேர்ந்தெடுத்தால் இரவே வீட்டுக்குப் போய்விடலாம். நாடக டிக்கெட்டுக்கு முன்னால் திரும்பும் ரயிலை கேடிஎம் செயலியில் பதிந்து விடுங்கள். விடுமுறை வாரங்களில் ரயில் டிக்கெட்தான் முதலில் தீர்ந்துபோகும்.

கங்காணி பேரன்

நான் ஒன்று சொல்கிறேன், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. மூன்று பேர் போக வர ரயில், கிராப், சாப்பாடு, அப்புறம் டிக்கெட். நானூறு வெள்ளி (ரிங்கிட்) போய்விடும். அந்தக் காசுக்கு என்ன கிடைக்கிறது?

போன வருஷம் ஒரு தமிழ் நாடகத்துக்குப் போனேன். எந்த மண்டபம், யார் நடத்தியது என்பதெல்லாம் வேண்டாம். அழைப்பிதழில் ஏழரை மணி. பிரமுகர் வந்தது ஒன்பதுக்கு. குத்துவிளக்கு, மாலை, பொன்னாடை, பேச்சு, பேசியவருக்கு நன்றி சொல்ல இன்னொரு பேச்சு. நாடகம் தொடங்கும்போது என் பக்கத்து இருக்கைப் பாட்டி குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். முன்வரிசை முழுக்க ஓசிச் சீட்டு. பாதி நாடகத்தில் பிரமுகர் எழுந்தார், முன்வரிசையே அவரோடு எழுந்து போனது. மேடையில் அழுதுகொண்டிருந்த பெண் என்ன செய்வார், பாவம், காலி நாற்காலிகளைப் பார்த்து அழுதார். காசு கொடுத்த நாங்கள் பதினைந்தாம் வரிசையில்.

இதற்கு வீட்டில் யூடியூப் மேல். வேண்டாத பேச்சைத் தள்ளிவிடலாம்.

மேடைக்குப் பின்னால்

கங்காணி பேரன் சொன்னது நடக்கிறது. நான் நாடகங்களுக்கு விளக்கு போடுகிறவன். அந்த எழுந்து போகும் வரிசையை மேலே விளக்கறையிலிருந்து பார்த்திருக்கிறேன், வயிறு எரியும்.

ஆனால் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடாதீர்கள். ஓர் அமைப்பு தன் ஆண்டு விழாவுக்கு நாடகம் போடுவது வேறு, ஒரு நாடகக் குழு டிக்கெட் விற்று நாடகம் போடுவது வேறு. எப்படிக் கண்டுபிடிப்பது? சுவரொட்டியில் யார் படம் பெரிதாக இருக்கிறது என்று பாருங்கள். நடிகர்களைவிடச் சிறப்பு விருந்தினர் பெரிதாகத் தெரிந்தால் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுப் போகலாம், அவசரமில்லை. குழு நடத்தும் நாடகம் என்றால் எட்டரை என்றால் எட்டரைதான். தாமதமாக வருகிறவர்களை இடைவெளி பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள், சில நாடகங்களில் விடவே மாட்டார்கள். கெடுபிடிக்காக அல்ல. இருட்டில் நடிகர் இடம் மாறும் நேரத்தில் கதவு திறந்து வெளிச்சம் விழுந்தால் அவருக்குக் கண் கூசும், படியில் கால் தவறும். கைப்பேசித் திரையும் அப்படித்தான். உங்களுக்கு மடியில் சின்ன வெளிச்சம், மேடையிலிருந்து பார்க்கிறவருக்கு நேராக முகத்தில் அடிக்கும்.

காசு விஷயத்துக்கு வருகிறேன். 190 இருக்கை உள்ள அரங்கில் நான்கு காட்சி போடுகிறோம் என்று வையுங்கள். மொத்தம் 760 டிக்கெட். ஒன்று 50 வெள்ளி, எல்லாமே விற்றுவிட்டது என்றாலும் 38,000 வெள்ளி. அரங்க வாடகை நாடக நாட்களுக்கு மட்டுமல்ல, அரங்கு அமைக்கவும் ஒத்திகை பார்க்கவும் எடுக்கும் நாட்களுக்கும் உண்டு. விளக்கு, ஒலி, செட், உடை, இசை, டிக்கெட் விற்பவரின் கழிவு எல்லாம் போக நடிகர் கைக்கு வருவது பெட்ரோல் காசு. பகலில் வங்கியிலும் பள்ளியிலும் தொழிற்சாலையிலும் வேலை பார்த்துவிட்டு இரவில் மாதக்கணக்காக ஒத்திகை பார்க்கிறவர்கள் இவர்கள். இதில் ஐம்பது பேர் "தம்பி, நமக்கு ரெண்டு சீட்டு எடுத்து வை" என்று உறவு கொண்டாடினால் கணக்கு என்ன ஆகும்?

வரிச் செய்தி ஒன்றும் உண்டு. கேளிக்கை வரி வழக்கமாக 25 விழுக்காடு. கூட்டரசுப் பிரதேசங்களில் உள்நாட்டுக் கலைஞர்களின் மேடை நிகழ்ச்சிகளுக்கு 2024 வரவு செலவுத் திட்டத்தில் முழு விலக்கு அறிவித்தார்கள், வெளிநாட்டுக் கலைஞர்களுக்கு 10 விழுக்காடு என்று. சின்னக் குழுக்களுக்கு இது மூச்சு விடுகிற அளவுக்கு உதவி.

பழைய கிராணி

ஓசிச் சீட்டு என்று படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எனக்கு எழுபது தாண்டிவிட்டது. இந்த வட்டாரத்துத் தோட்டங்களில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தவன்.

எங்கள் தோட்டத்தில் மாரியம்மன் திருவிழாவின் கடைசி இரவு நாடகம். எண்ணெய்ப் பீப்பாய்களை வரிசையாக நிறுத்தி, மேலே பலகை அடித்தால் மேடை. திரைக்குத் தார்ப்பாய். மின்சாரம் ரப்பர் ஆலை எந்திரத்திலிருந்து வரும், அது இரைச்சல் போட்டால் நடிகரும் குரலை உயர்த்துவார். ஒத்திகை ரப்பர் உலர்த்தும் புகைமனைக்குப் பின்னால் நடக்கும் என்பதால் ராஜா உடையிலும் புகை வாசம், ராணி உடையிலும் புகை வாசம். ராணி என்பது மூன்றாம் லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) ஆள். மீசையை எடுக்கச் சம்மதிக்க வைக்கவே இரண்டு வாரம் பிடிக்கும். பெண்கள் மேடையேறியது எங்கள் பக்கம் ரொம்பப் பின்னால்தான். ஆர்மோனியக்காரர் மட்டும் பட்டணத்திலிருந்து கூலிக்கு வருவார். அவருக்குத் தனி மரியாதை, தனிச் சாப்பாடு. பாட்டு பிடித்துவிட்டால் "ஒன்ஸ்மோர்" என்று கத்துவார்கள், செத்துக் கிடந்த வில்லன்கூட எழுந்து இன்னொரு தரம் பாடிவிட்டுச் சாவான். துரை பிரம்பு நாற்காலியில் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார். அவர் போனதும்தான் பபூன் தோட்டத்து நிர்வாகத்தைக் கிண்டலடிக்கத் தொடங்குவான். மேற்பார்வை பார்க்கும் மண்டோர்மார்கள் சிரிக்கவும் முடியாமல் எழுந்து போகவும் முடியாமல் நெளிவார்கள்.

விடிகாலையில் நாடகம் முடியும். மறுநாள் பெரட்டுக்கு, அதாவது காலைப் பெயர்ப் பதிவுக்கு, பாதிப் பேர் வரமாட்டார்கள். பேர் பதிகிற கிராணிக்குத்தான் தலைவலி. பெரும்பாலும் கிராணியும் அந்த நாடகத்தில் ஒரு மந்திரியாக வந்திருப்பான்.

இதற்கெல்லாம் பணம்? சம்பள நாளில் வீட்டுக்கு இவ்வளவு என்று பிரித்தோம். கொடுக்காத வீடு இல்லை. பிள்ளைகள் நிறைய இருக்கும் வீட்டில் குறைத்து வாங்கினோம், ஆனால் வாங்கினோம். அதனால் எவனும் சும்மா வந்து உட்கார்ந்தவன் இல்லை. நடிகன் சொதப்பினால் "என் காசைக் கொடுடா" என்று கேட்க எல்லாருக்கும் உரிமை இருந்தது, கேட்கவும் செய்தார்கள்.

தமிழ் முரசு கோ. சாரங்கபாணி 1952இல் தமிழர் திருநாளைத் தொடங்கிய பிறகு பாட்டு, பேச்சு, நாடகம் எல்லாவற்றுக்கும் புது வேகம் வந்தது என்று எனக்கு மூத்தவர்கள் சொல்வார்கள். என் காலத்தில் தமிழ் இளைஞர் மணிமன்றக் கிளைகள் இருந்தன. புராணக் கதையை விட்டுக் கள்ளுக்கடை, கல்யாணச் செலவு, கங்காணிக் கொடுமை என்று நாடகம் போட்டோம். அப்புறம் தோட்டங்கள் கைமாறின. ஆட்கள் பட்டணத்து மலிவு வீடுகளுக்குச் சிதறினார்கள். நடிகர் ஒரு தாமானில், ஆர்மோனியம் ஒரு தாமானில். நாடகம் நின்றது கலை அலுத்ததால் அல்ல, ஆட்கள் ஒரே இடத்தில் இல்லாததால்.

பால்மரத்துக்கு ஒரு செய்தி. கோலாலம்பூரில் துன் சம்பந்தன் மாளிகையில் இருக்கும் டான்ஸ்ரீ சோமா அரங்கில் தமிழ் நிகழ்ச்சிகள் நடக்கும். அந்த மாளிகை தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தினுடையது. தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், தொழிலாளர்களையே பங்குதாரர் ஆக்கித் தோட்டம் வாங்குவதற்காக 1960இல் தொடங்கிய சங்கம் அது. தொடங்கியவர் வீ.தி. சம்பந்தன், நம்ம சுங்கை சிப்புட்காரர். பால்மரம் வெட்டியவர்களின் சேமிப்பில் வளர்ந்த சங்கம். உங்கள் அம்மா அங்கே தயங்கி நுழைய வேண்டியதில்லை.

உறுமிக்காரன்

ஐயா எழுதியது நன்றாக இருக்கிறது. ஆனால் தோட்டத்துக் கலை என்று பேச ஆரம்பித்தால் எல்லாரும் "இருந்தது", "நின்றது" என்றே எழுதுகிறீர்கள். நாங்கள் கண்ணில் படவில்லையா? எங்கள் குழுவில் எல்லாரும் தோட்டத்திலிருந்து தாமானுக்கு வந்த வீட்டுப் பிள்ளைகள். சனிக்கிழமை தோறும் ஒருவர் வீட்டுக் காடி நிறுத்துமிடத்தில் பயிற்சி. மூன்றாவது வீட்டில் கதவைச் சாத்துவார்கள், ஐந்தாவது வீட்டில் போலீசுக்குப் போன் போடுவார்கள்.

உறுமி வாசிப்பது கண்மூடித்தனமான அடி இல்லை. ஒரு பக்கத்தை நேர் குச்சியால் தட்ட வேண்டும், மறு பக்கத்தை வளைந்த குச்சியால் தேய்க்க வேண்டும். அந்தத் தேய்ப்பில்தான் உறுமல் வரும். தோல் எவ்வளவு இழுத்துக் கட்டியிருக்கிறது, குச்சியை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதற்கேற்பச் சத்தம் ஏறி இறங்கும். பம்பையும் தவிலும் சேர்ந்து நடையை மாற்றும்போது ஒருவர் முந்தினாலும் காதில் குத்தும். இதே வாத்தியத்தைக் கே.எல். அரங்கில் நீல விளக்கு போட்டு ஒரு நடன நிகழ்ச்சியில் வாசித்தால் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். தைப்பூசத்தில் வாசித்தால் மட்டும் ஒழுங்கு கெடுகிறது என்கிறார்கள்.

நேரில் இசை வேண்டுமென்றால் உள்ளூர்த் தமிழ் ராப் பாடகர்களின் சின்ன நிகழ்ச்சிகளையும் தேடுங்கள், அக்கா. யோகி பி தொண்ணூறுகளிலேயே பொயட்டிக் அம்மோ குழுவில் இருந்தவர், 2006இல் நட்சத்திரா குழுவோடு போட்ட இசைத்தொகுப்பு தமிழ்நாடுவரை போனது. அண்ணன் மகன் நாடகத்துக்கு வராவிட்டாலும் இதற்கு வருவான்.

பழைய கிராணி

தம்பி சொல்வது நியாயம். ஆனால் கோயில் வாசலில் சினிமாப் பாட்டுக்கு உறுமி அடிப்பதை நானும் கண்டித்திருக்கிறேன், இனியும் கண்டிப்பேன். அது வேறு சண்டை, இங்கே வேண்டாம்.

நம் ஆட்கள் மேடையில் இல்லை என்று யாராவது சொன்னால் ஆலிகேட்ஸ் இசைக்குழுவை நினைவுபடுத்துங்கள். பினாங்கிலிருந்து வந்த லோகநாதன், டேவிட் ஆறுமுகம் சகோதரர்கள். எழுபது எண்பதுகளில் அவர்களுடைய மலாய்ப் பாட்டைப் பாடாத வீடு இந்த நாட்டில் கிடையாது. லோகநாதன் 2007இல் காலமானார். டேவிட்டின் தலைமுடியை மறக்க முடியுமா!

சுருதிப்பெட்டி

கே.எல். பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறேன், கர்நாடக இசைப் பைத்தியம். பால்மரத்துக்கு என் ஆலோசனை கொஞ்சம் வித்தியாசமானது. ரயில் ஏறுவதற்கு முன்னால் உங்கள் ஊர்க் கோயிலிலேயே ஒரு வேலை இருக்கிறது.

திருவிழாவுக்குப் பல கோயில்களில் நல்ல நாதஸ்வர வித்வான்களை வரவழைக்கிறார்கள், சிலரைத் தமிழ்நாட்டிலிருந்தே. சுவாமி புறப்படும்போது அவர்கள் வாசிப்பது மல்லாரி, பெரும்பாலும் கம்பீரநாட்டை ராகத்தில். சொல் கிடையாது, முழுக்க லயம். நாம் என்ன செய்கிறோம்? அந்த நேரம் பார்த்துத்தான் அர்ச்சனைச் சீட்டு வரிசையில் சண்டை போடுகிறோம். அடுத்த தடவை தவிலுக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள். ஊர்வலம் ஒரு முச்சந்தியில் நிற்கும்போது வித்வான் ஒரு ராகத்தை எடுத்து மெல்ல விரிப்பார். இருபது நிமிஷம் நின்று கேட்டுவிட்டால், கச்சேரியில் ஆலாபனை நீளுகிறதே என்ற பயம் போய்விடும். டிக்கெட்டும் கிடையாது, பொன்னாடையும் கிடையாது.

அப்புறம் பிரிக்பீல்ட்ஸ் வாருங்கள். டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் இங்கே இருக்கிறது. சுவாமி சாந்தானந்த சரஸ்வதியின் வழிகாட்டலில் 1981இல் தொடங்கியது. வாய்ப்பாட்டு, வாத்தியம், பரதம், ஒடிசி எல்லாம் சொல்லிக்கொடுக்கிறார்கள், மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து நடன நாடகங்கள் போடுகிறார்கள். வளாகத்திலேயே அன்னலட்சுமி சைவ உணவகம். அம்மாவுக்கு அங்கே ஒரு சாப்பாடு வாங்கிக்கொடுத்துவிட்டு நிகழ்ச்சிக்குள் நுழையலாம். கே.எல். சென்ட்ரல் பக்கத்திலேயே இருப்பதால் ரயில் பிடிக்க ஓட வேண்டியதில்லை. நாட்டியம் என்றால் ரம்லி இப்ராஹிமின் சூத்ரா நடனக் குழுவையும் பின்தொடருங்கள். பரதமும் ஒடிசியும் ஆடும் மலாய்க்காரர் அவர். அவருடைய மாணவர்களில் நம் பிள்ளைகள் பலர்.

கச்சேரி கேட்கப் பழகாதவர்களுக்கு ஒரு சின்ன வரைபடம் தருகிறேன். முதலில் வர்ணம், பாடகரின் குரலும் நம் காதும் சூடேறுவதற்கு. அப்புறம் சில கீர்த்தனைகள். நடுவில் ஒன்று மட்டும் ரொம்ப நேரம் போகும், ஆலாபனை, நிரவல் (ஒரே வரியை விதவிதமாகப் பாடுவது), கற்பனாஸ்வரம் (ஸ்வரங்களை அப்போதே கற்பனை செய்து பாடுவது) என்று. அதன் முடிவில் மிருதங்கத்துக்குத் தனி ஆவர்த்தனம். தயவுசெய்து அந்த நேரத்தில் தேநீருக்கு எழுந்து போகாதீர்கள். அதுவரை பின்னால் நின்று தாங்கிக்கொடுத்தவருக்கு மேடை கிடைப்பது அப்போதுதான். தாளம் போடத் தெரியாவிட்டால் பாடகரின் கையைப் பாருங்கள், போதும். கடைசியில் துக்கடா என்னும் சின்னப் பாட்டுகள், நமக்குத் தெரிந்த தமிழ்ப் பாட்டு பெரும்பாலும் அங்கே வரும். மங்களம் பாடினால் முடிந்தது.

பால்மரம்

இவ்வளவு பதில் வரும் என்று நினைக்கவில்லை. கிராணி ஐயா எழுதியதை அம்மாவுக்குப் படித்துக்காட்டினேன். மீசை எடுத்த ராணி அவர்கள் தோட்டத்திலும் உண்டாம். அந்த ஆளின் பெயரைச் சொல்லிச் சிரித்தார், இங்கே எழுத முடியாது.

இரட்டைக் கோபுரத்துக்குள் இருக்கும் இசை மண்டபத்துக்குப் போகலாமா? அண்ணன் மகன் பள்ளி பேண்டில் டிரம்பெட் வாசிக்கிறான். அங்கே உடை விஷயத்தில் கண்டிப்பு என்கிறார்களே.

சுருதிப்பெட்டி

கட்டாயம் போங்கள். டேவான் ஃபில்ஹார்மோனிக் பெட்ரோனாஸ், மலேசிய ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவின் வீடு. 1998 ஆகஸ்டு 17 அன்று முதல் கச்சேரி. கே.எல். சென்ட்ரலிலிருந்து எல்ஆர்டி ரயிலில் நேராக கேஎல்சிசி நிலையம், நடுவில் ரயில் மாற வேண்டியதில்லை.

உடைக் கண்டிப்பு உண்மைதான். அரைக்கால் சட்டை, செருப்பு, டி-சட்டை ஆகாது. பையனுக்கு நீளக்கை பாத்தேக் சட்டை, ஷூ போதும். நீங்களும் அம்மாவும் சேலையில் போனால் கேள்வியே எழாது. கல்யாணத்துக்குக் கட்டும் சேலைக்கு வேறு வேலை என்ன இருக்கிறது?

அந்த மண்டபத்தின் சுகம் இதுதான்: இசைக்குழுவுக்கு ஒலிபெருக்கி கிடையாது. எழுபது எண்பது பேர் சேர்ந்து வாசிப்பதும் ஒரே ஒருவர் மெல்ல ஊதுவதும் சுவரிலும் கூரையிலும் பட்டு நேராக நம்மிடம் வருகிறது. பையனுக்கு இது பெரிய பாடம். டிரம்பெட் பின்வரிசையில் உட்கார்ந்துகொண்டு எவ்வளவு நேரம் சும்மா காத்திருக்கிறது, வரும்போது எப்படி வருகிறது என்று பார்க்கட்டும். ஒரு நீண்ட படைப்பு மூன்று நான்கு பகுதிகளாக இருக்கும், நடுவில் அமைதி வந்தாலும் கைதட்டுவதில்லை. இசைக்குழு நடத்துநர் கையை இறக்கிவிட்டுத் திரும்பும்வரை பொறுங்கள். சந்தேகமாக இருந்தால் பக்கத்தில் இருப்பவர் தட்டிய பிறகு தட்டினால் போயிற்று. இருமல் மிட்டாயை முன்கூட்டியே உறையிலிருந்து பிரித்து வைத்துக்கொள்ளுங்கள், அங்கே அந்தச் சரசரப்புகூடக் கேட்கும்.

செந்தூல்வாசி

மலாய் நாடகத்தையும் விட்டுவிடாதீர்கள். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது என்றீர்களே தவிர மலாய் வராது என்று சொல்லவில்லை. தோட்டத்து அம்மாக்கள் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் பேரம் பேசுவதைக் கேட்டிருக்கிறேன், நாடகம் தாராளமாகப் புரியும். துன் ரசாக் சாலையில் இஸ்தானா புடாயா 1999இல் திறந்தது, 1,400 இருக்கைகள். மேலிருந்து பார்த்தால் வாவ் பூலான் பட்டம் போன்ற வடிவம். அங்கேயும் உடைக் கட்டுப்பாடு உண்டு.

பங்சாவான் எப்போதாவது போட்டால் கிராணி ஐயாவையும் இழுத்துக்கொண்டு போங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தியாவிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்களைப் பார்த்துப் பினாங்கில் முளைத்த மலாய் நாடகம் அது. ராஜா, ராணி, நடுநடுவே பாட்டு, காட்சி மாறும்போது திரைக்கு முன்னால் கோமாளி. ஐயாவின் பபூனுக்குச் சொந்தக்காரன்தான்.

பெந்தாஸ் 2 மாதிரி அரங்குகளில் ஆங்கில நாடகங்களிலும் தோட்டம் வந்திருக்கிறது, ஒரு தகவலுக்காகச் சொல்கிறேன். பீடோங்கில் பிறந்த கே.எஸ். மணியம் ஆங்கிலத்தில் எழுதியவர். அவர் நாடகத்தில் பேசுகிறவர்கள் நம் லயத்து ஆட்கள்தான். எங்காவது மறுபடி போட்டால் தவற விடாதீர்கள். தமிழ் நாடகம் போடும் குழுக்களில் சிலர் மேலே திரையில் ஆங்கில, மலாய் வரிகளும் ஓட விடுகிறார்கள். அப்படியென்றால் உங்கள் சீன, மலாய் நண்பர்களையும் அழைத்துப் போகலாம். நான் அலுவலகத்திலிருந்து ஆள் பிடித்துக்கொண்டு போவேன்.

லூனாஸ் தமிழ்

கெடாவிலிருந்து எழுதுகிறேன். எங்களுக்குக் கே.எல். தூரம், பினாங்குதான் பட்டணம். அங்கே ஏதாவது உண்டா?

சுருதிப்பெட்டி

உண்டு. டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸுக்குப் பினாங்கிலும் கிளை இருக்கிறது. பெரிய நிகழ்ச்சிகளுக்கு டேவான் ஸ்ரீ பினாங். ஜார்ஜ் டவுன் விழா 2010 முதல் நடக்கிறது, தெருவிலும் பழைய கட்டடங்களிலும் இலவச நிகழ்ச்சிகளும் வைப்பார்கள். பட்டர்வொர்த்தில் காடியை விட்டுவிட்டுப் பெர்ரியில் போங்கள், தீவுக்குள் வண்டி நிறுத்த அலையும் நேரத்தில் ஒரு நாடகமே முடிந்துவிடும்.

கங்காணி பேரன்

எல்லாம் படித்தேன். சுவரொட்டிக் கணக்கு எனக்குப் பிடித்தது. ஆனால் விலை விஷயத்தில் யாரும் எனக்குப் பதில் சொல்லவில்லை. விளக்குக்காரத் தம்பி நாடகம் போடுகிறவன் கணக்கைத்தான் சொன்னார். பார்க்கிறவன் கணக்கு? ஐந்து பேர் இருக்கும் வீட்டில், ஒருவர் சம்பளத்தில், இது எப்படி நடக்கும்?

மேடைக்குப் பின்னால்

நியாயமான கேள்வி, முழுப் பதில் என்னிடம் இல்லை. சில வழிகள் உண்டு. மாணவர்களுக்கும் மூத்த குடிமக்களுக்கும் பல நாடகங்களில் சலுகை விலை இருக்கும், அடையாள அட்டையைக் கொண்டுபோங்கள். முதல் வாரத்திலேயே வாங்கினால் குறைவாக விற்கிறவர்கள் உண்டு. பத்துப் பேருக்கு மேல் சேர்ந்து வருகிறோம் என்று குழுவினரை நேராகக் கூப்பிட்டுச் சொன்னால் பெரும்பாலும் குறைத்துத் தருவார்கள், ஏனென்றால் பத்து இருக்கை நிறைவது எங்களுக்கும் தெம்பு. ரயிலுக்குப் பதில் வேன் எடுத்து எரிபொருளையும் டோலையும் பங்கு போட்டால் தலைக்கு இன்னும் குறையும். ஐயா சொன்ன அதே சம்பள நாள் கணக்குதான், மாதம் பத்து வெள்ளி தனியாக எடுத்து வைத்தால் வருஷத்துக்கு ஒரு நாடகத்துக்காவது வரும்.

ஊரிலிருந்தே கூட்டமாக வருகிறார்கள் என்று தெரிந்தால் சில குழுக்கள் நாடகத்தை உங்கள் ஊருக்கே கொண்டுவரவும் யோசிப்பார்கள். முந்நூறு பேர் உட்காரும் மண்டபம், நல்ல மின் இணைப்பு, சன்னலை மறைக்கக் கறுப்புத் துணி இருந்தால் மற்றதை நாங்கள் லாரியில் ஏற்றி வருவோம். டிக்கெட்டை மட்டும் நீங்கள் விற்க வேண்டும். ஓசிச் சீட்டு கிடையாது.

பால்மரம்

சரி, வேன் யோசனை எனக்குச் சரிப்படுகிறது. ஒரு தமிழ் நாடகம், மதியக் காட்சி, சின்ன அரங்கு. அறிவிப்பு வந்ததும் இங்கேயே போடுகிறேன். யார் யார் வருகிறீர்கள்? பணத்தை முன்னால் கட்டுகிறவர்களுக்கு மட்டும் இடம். போகும் வழியில் தஞ்சோங் மாலிமில் நிறுத்திப் பாவ் வாங்குவோம், அதற்கு மேல் எங்கும் நிற்காது.

உறுமிக்காரன்

எங்கள் குழுவிலிருந்து மூன்று பேர். திரும்பி வரும்போது வேனில் வாசிக்க அனுமதி உண்டா?

பால்மரம்

கிடையாது.

கங்காணி பேரன்

எனக்கும் வீட்டுக்காரிக்கும் இரண்டு. பிரமுகர் வந்தால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும்.

பழைய கிராணி

எனக்கு ஒன்று, ஓரத்து இருக்கையாக. சர்க்கரை வியாதிக்காரன், நடுவில் எழுந்து போக வேண்டிவரும். விளக்கு போடுகிற தம்பி கோபித்துக்கொள்ள மாட்டார் அல்லவா?

மேடைக்குப் பின்னால்

வாசலுக்குப் பக்கத்து ஓரத்தில் போட்டுத் தருகிறேன் ஐயா. காட்சி மாறும் இருட்டில் மட்டும் எழுந்துவிடாதீர்கள், விளக்கு வந்ததும் போங்கள்.